சொல்லாமல் திருத்தியவை

ஜெனரல் ப்ரூயட்டுக்கு ஓராண்டு கழிந்தால்
எங்களுக்கு மூன்றாண்டு கழியும்.
அவர் இன்னும் நாற்பத்து நான்கின் குளிர்காலத்தில் நிற்கிறார்.
நான் அங்கே போய்ச் சேர்வதற்குள்
என் மகன் பல் விழுந்து, பல் முளைத்து,
டல்சாவில் ஏசி ரிப்பேர் பார்க்கப் போய்விட்டான்.

கல்லூரி நூலகத்தின் நிலவறை.
மேலே ஷெனாண்டோவா பள்ளத்தாக்கு முழுக்க
ஆப்பிள் பூத்திருப்பதாகக் கேள்வி.
இங்கே ஈரம் கூடினால் மணி அடிக்கும்.
போரை நடத்தியவர், பிறகு சமாதானத்துக்கும் கையெழுத்திட்டவர்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளாக இருக்கிறார்.
படை நகர்வு, செனட் விசாரணை,
குதிரைக்கு ஓட்ஸ் வாங்கிய பில்,
முட்டைக்கோஸ் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று
ஒரு தூதரின் மனைவிக்கு எழுதிய மூன்று வரி.
டாப்னி க்ரோவ் அதையும் ஐந்தாம் தொகுதியில் சேர்த்தார்.
"அதுவும் போர்முனைதான், நோலா."
ஆறாம் தொகுதிக்கு அவர் இல்லை.
அவர் மேசைமேல் ஸ்கேனர் உட்கார்ந்திருக்கிறது.

விதிகள் எல்லாத் தொகுதியிலும் பதினோராம் பக்கம்:
படிக்க முடியாத சொல்லுக்குப் பகர அடைப்பு.
பெற்றவர் கைப்பிரதி கிடைத்தால்
கார்பன் நகலை விட அதுவே மேல்.
ஒரே வாசகம் பலருக்குப் போயிருந்தால்
ஒன்றை மட்டும் அச்சிடுக.
தெளிவான தட்டச்சுப் பிழைகள்
சொல்லாமல் திருத்தப்படும்.

இரங்கல் கடிதங்கள் அப்படித்தான் ஒன்றாயின.
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வீடுகளுக்கு
ஒரே நான்கு வாக்கியம்.
அடியில் இடப்பக்கம் சின்ன எழுத்தில் வி.எஸ்.,
வெர்னா ஸ்டாலர்ட், தட்டச்சர்.
மாலை ஆறு மணிக்கு மேல் அவள் ரிப்பன் மங்குவதை
கார்பனிலேயே காணலாம்.

போன மார்ச்சில் ஒஹாயோவிலிருந்து ஓர் உறை வந்தது.
யாரோ வீடு காலி செய்கையில்
விதை கேட்டலாக் ஒன்றுக்குள் கிடைத்ததாம்.
எங்கள் கைக்கு வந்த ஒரே அசல்.
"திருமதி ஹெஸ்டர் ஸ்டிட் அவர்களுக்கு:
உங்கள் மகன் ஆல்வின்..."

ஆல்வின் இல்லை.
'வின்' மீது பென்சிலால் ஒரு கோடு,
அழுத்தம் இல்லாத கோடு,
மேலே 'வா'.

வாரிக் புதிதாக வந்தவன், கெட்டிக்காரன்.
"தெளிவான பிழைதானே.
திருத்தி, ஆல்வா என்று போட்டுவிடுவோம்.
யார் கேட்கப் போகிறார்கள்?"

நான் முந்நூற்று எண்பத்தெட்டாம் பெட்டியைப் பிரித்தேன்.
கடிதம் கிடைத்த தாய்மார் திருப்பி எழுதியவை:
சாபம், நன்றி, கைக்கடிகாரம் எங்கே என்ற கேள்வி,
பெயர் தப்பு என்று ஏழு பேர்.
ஸ்டிட் என்று எதுவும் இல்லை.
ராணுவத்துக்குத் தெரிவிக்கவில்லை,
ஜெனரலுக்குத் தெரிவிக்கவில்லை.
எங்கள் விதியை எங்களுக்கு முன்பே
அவள் கடைப்பிடித்திருக்கிறாள்.

ஆகவே பிழை பிழையாகவே அச்சாகிறது.
கீழே மூன்றாம் குறிப்பு:
பெயர் ஆல்வா. திருத்தம், பெற்றவர் கையில், பென்சில்.

அச்சகத்திலிருந்து போன்:
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒரு வரி வழிகிறது.
எதை எடுக்கலாம்?
நான்காம் குறிப்பில் ஜெனரலின் பதக்கம் ஒன்று
முழுப்பெயரோடு, ஓக் இலைகளோடு இருந்தது.
இலைகளை உதிர்த்தேன்.
டாப்னி இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பார்,
பிறகு தானே இன்னொன்றை வெட்டித் தந்திருப்பார்.

இன்று சொல்லடைவு.
ஜெனரலுக்குப் பதினொரு பத்தி:
அவர் வயிற்றுவலி, அவர் வாதங்கள், அவர் நாய்கள்.
வெர்னாவுக்கு நேற்றுத்தான் ஒரு வரி கொடுத்தேன்.
அப்புறம்,

ஸ்டவ், போர்க்களச் சமையலுக்கு, 88, 203
ஸ்டிட், ஆல்வா, 412 கு.
ஸ்டீல், தட்டுப்பாடு, 17 முதல் 31 வரை