உள்ளே இடம் இருக்கு

டெப்போ வாசலில் நாலு டிரம் நிறுத்தி
மேலே பலகை போட்டு
அதற்கு மேடை என்று பேர் வைத்திருந்தார்கள்.
அயனாவரம். மதியம் இரண்டரை. ஷிஃப்ட் மாறும் நேரம்.
"அடுத்து தோழர் எபினேசர், கண்டக்டர்,
கழிப்பறைப் பிரச்சினை குறித்து"
என்றதும் சிரித்தவர்களை எனக்குத் தெரியும்.
கீழே நின்றிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏறினேன்.
பலகை அசையவில்லை.
அதுதான் தொந்தரவு.

பத்தொன்பது வருஷம் ஓடுகிற தரையில் நின்ற கால்கள் இவை.
மற்றவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்தபடி
காசைக் கைக்குக் கை மாற்றி வரவைப்பார்கள்.
எனக்கு முதுகில் கோளாறு, உட்கார்ந்தால் வலிக்கும்.
நின்றே கிழித்தேன் டிக்கெட்டை,
ஜெமினி பாலத்துச் சரிவிலும்
கம்பி பிடிக்காமல்
ஐநூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணிக்கொண்டு.

இப்போது தரை நின்றுவிட்டது.
முட்டி ரெண்டும் தனியாகப் புறப்பட்டுவிட்டன.
மைக்கில் முதலில் விழுந்தது என் மூச்சு.
எதிர் டீக்கடை வரை கேட்டிருக்கும்.
மகள் எழுதித் தந்த தாள்
"பெருமதிப்பிற்குரிய" என்பதிலேயே ஆடிக்கொண்டிருந்தது,
அடுத்த சொல்லுக்கு வரவே இல்லை.

அந்த நேரம் ஒர்க்‌ஷாப்பில் யாரோ
ஒரு பழைய வண்டியைக் கிளப்பினார்கள்.
ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க
டிரம் வழியாக, பலகை வழியாக,
செருப்பின் தேய்ந்த குதிகால் வழியாக
ஏறி வந்தது அதிர்வு.
எனக்கு முன்பே
பாதம் அதை அடையாளம் கண்டுகொண்டது.

இடது கால் அரையடி முன்னே போனது.
முட்டியின் பூட்டு கழன்றது.
இடுப்பு கம்பியைத் தேடிச் சாய்ந்து,
கம்பி இல்லை என்று தெரிந்து,
சரி பரவாயில்லை என்று
தன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.
மூச்சு மட்டும் இன்னும்
தொண்டைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது,
காலை எட்டே முக்கால் கூட்டம் மாதிரி.

உள்ளே போ, என்றேன்.
உள்ளே போப்பா, உள்ளே இடம் இருக்கு.

முனகிக்கொண்டே நகர்ந்தது.
நெஞ்சைத் தாண்டி, விலாவைத் தாண்டி
அடிவயிறு வரை நடந்துபோய்
அங்கே நின்றது.

வண்டியை அணைத்துவிட்டார்கள்.
பாதத்துக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஒரு சிங்கிளுக்கு ரெண்டு மணி நேரம்" என்றேன்,
டிக்கெட் டிக்கெட் என்கிற அதே குரலில்.
"டெர்மினஸில் சுவர் இருக்கு. கதவு இல்லை.
நாங்களாவது மரம் பார்ப்போம்.
கோமளவல்லி என்ன செய்வார்?
காலை நாலு மணிக்குக் குடித்த தண்ணீரோடு சரி,
மதியம் வரை பாட்டிலைத் திறப்பதில்லை.
போன மாதம் ஆறு நாள் ஆஸ்பத்திரி.
அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்."

கூட்டத்தில் இருந்த கோமளவல்லி கையை நீட்டினார்,
நிறுத்தத்தில் வண்டி மறிக்கிற மாதிரி.
அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மேலும் என்ன பேசினேன், முழுதாக நினைவில்லை.
வெயில் கழுத்தில் இருந்தது, கை கையாக இருந்தது,
ஒரு இடத்தில் கொட்டாவிகூட வந்தது.
மாடி ஜன்னலில் கிளை மேலாளர்
எதையோ குறித்துக்கொண்டார்.
பேனாவில் மை இருந்ததா, தெரியாது.

இறங்கும்போதுதான் தப்பு செய்தேன்.
டிரம்மிலிருந்து மூன்றடி.
ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிற நினைப்பில்
முன்பக்கம் பார்த்துக் கால் வைத்து
ரெண்டு எட்டு ஓடித்தான் நின்றேன்.