சத்தத்தைக் குறைப்பது எப்படி

மிக்சி ஓடவில்லை என்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்.
அடியில் சிவப்பாய் ஒரு பொத்தான்
கோபித்துக்கொண்டு வெளியே துருத்தியிருக்கும்.
அமுக்குங்கள்.
பாதிப் பேருக்கு வைத்தியம் அவ்வளவுதான்.
அந்தப் பாதிப் பேரிடம் நான் காசு வாங்குவதில்லை,
முதலாளி சாப்பிடப் போயிருந்தால்.

தெற்கு மாரட் வீதியில்
பாத்திரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் உதிரிபாகக் கடை.
பதினோரு வருடமாய் நின்றுகொண்டே பதில் சொல்கிறேன்.

குக்கர் விசில் வரவில்லையா,
ஆறினபின் ஆவிக்குழலில் ஊசி விடுங்கள்,
ஒரு துவரம்பருப்பு ஒளிந்திருக்கும்.
கேஸ்கெட் தொளதொளத்தால் பத்து நிமிடம் ஃப்ரீசரில்;
இன்றைக்கு ஒப்பேறும்,
நாளைக்கு இங்கேதான் வரவேண்டும்.
வாஷிங் மெஷினில் தண்ணீர் நூலாய் இறங்கினால்
மெஷினைத் திட்டாதீர்கள், வில்லாபுரத்து போர்த் தண்ணீரைத் திட்டுங்கள்.
குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு சல்லடை,
உப்புக் கட்டி வெளுத்திருக்கும்.
பழைய பிரஷ், கொஞ்சம் வினிகர்.
தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள்,
அரிசி சோறாக்கத்தான்.
அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், இரண்டு நாள் விடுங்கள்.
இரண்டு நாள் என்றதும்
அவர்கள் முகம் போகிற போக்கு!

ஒச்சம்மா கேட்டது இதில் எதிலும் சேராது.
"மிக்சி சத்தத்தைக் குறைக்க முடியுமாக்கா?"
பழுதா என்றேன்.
"இல்ல, நல்லாத்தான் ஓடுது. அதான் பிரச்சனையே.
வீட்டுக்காரம்மா மாடியிலதான் படுத்திருக்கு."
எத்தனை மணிக்கு?
"மூணு. மூணரை."
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
இந்தக் கடையில் கேட்பது அவர்கள், சொல்வது நான்.
சாக்கை நாலாய் மடித்து அடியில் போடு.
சுவரை ஒட்டி வைக்காதே, சுவர் கோள் சொல்லும்.
உளுந்தை இன்னும் ஒரு மணி நேரம் ஊறவிடு,
ஊறினது முரண்டு பிடிக்காது.
ஜாரைப் பாதிக்குமேல் நிரப்பாமல், விட்டு விட்டு அரை.
இருபது ரூபாய்க்கு நாலு ரப்பர் குமிழ் வாங்கிப் போனாள்.

பங்குனியில் வந்தாள்: மாவு புளிக்காமல் இருக்க
ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு?
சித்திரையில் ஊரே ஆற்றுப் பக்கம் போன அன்று
கடையில் நானும் ஒரு ஈயும் இருந்தோம்.
தராசோடு வந்தாள்: சைபரில் நிற்கமாட்டேங்குது.
நிற்கும். ஃபேனை நிறுத்து. காற்றையும் சேர்த்து நிறுக்கிறது அது.
பிறகு, பாக்கெட் ஓரம் ஒட்டுகிற மெஷினில்
பிளாஸ்டிக் உருகி வழிகிறது.
சூட்டை இரண்டில் வை.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"வீட்டு மீட்டர்ல யாவாரம் பண்ணா கண்டுபிடிப்பாங்களாக்கா?"
அது உதிரிபாகம் இல்லை. இருந்தாலும் சொன்னேன்:
கண்டுபிடிப்பார்கள். முந்திக்கொண்டு நீயே எழுதிக் கொடு.

புருஷன் இல்லாதவள் என்று நானாக நினைத்திருந்தேன்.
கேள்விகளை மட்டும் வைத்து வீடு கட்டினால் அப்படித்தான்,
ஒரு அறை விட்டுப்போகும்.
ஆடியில் கிரைண்டர் கல்லைத் தூக்க அவன் வந்தான்.
ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சிரித்த முகம்.
கல்லைத் தோளில் வைத்தபடி என்னிடம் கேட்டான்,
"இது சத்தம் போடுமா?"
போடும் என்றேன்.
"போடட்டும். வீடு மாத்தியாச்சு."

போன வாரம் வந்தவள்
பையிலிருந்து ஒரு குட்டிப் பெட்டியை எடுத்தாள்.
பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லுமே, அது.
"அக்கா, இதுல சத்தத்தைக் கூட்டுறது எப்படி?"

பக்கவாட்டில் இரண்டு பொத்தான்.
கூட்டல் குறி போட்டதை அமுக்கு, விடாதே.
சோதித்துப் பார்க்க நானே ஒரு ரூபாய் அனுப்பினேன்.
பெட்டி அதைக் கூவிய கூவலில்
ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
இதற்குமேல் இல்லை என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"ஜெய்ஹிந்துபுரம் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்கும்லக்கா?"