மீள்தொடக்கம்

நானூற்றிப் பன்னிரண்டு நாளாய்
நிக்காமல் ஓடுது.
முகாமையாளர் பெருமையாய்ச் சொல்லுவார்.
எனக்கு அது பயம்.
இவ்வளவு நாள் படுக்காத ஒண்டு
படுத்தால் எழும்புமோ எண்டு
ஆருக்கும் தெரியாது.

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
மூண்டாம் மாடி. நான், ஒரு ஃபான்,
காய்ஞ்சுபோன ஒரு பணிஸ்.
சேர்வர் மும்பையிலை எண்டு சொல்லுகினம்.
கண்டதில்லை.
அதின்ரை முகவரி மட்டும்
வீட்டு நம்பரைவிட நல்லாய்ப் பாடம்.

கொழும்பு போற இரவு பஸ்களின்ரை
சீட்டெல்லாம் அதுக்குள்ளைதான்.
இப்ப ரெண்டேமுக்கால்.
முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினவை
புத்தளம் தாண்டி வாய் திறந்து நித்திரை.
இதுதான் நேரம்.

முதல் முழு வட்டுக்கும் ஒரு படி எடுத்தன்.
அது முடியும்வரை ஒண்டையும் தொடேல்லை.
பிறகு துவக்கக் கோப்பைத் திறந்தால்
யசிந்தன் எழுதின ஒரு வரி:
எழும்பினதும் இன்ன வட்டைத் தேடு.
அந்த வட்டு இப்ப இல்லை.
யசிந்தனும் ஸ்காபரோ போய் ரெண்டு வருசம்.
வட்டை அழிச்சவன் வரியை மறந்திட்டான்.
அப்பிடியே விட்டிருந்தால்
இல்லாத ஒண்டுக்காகக் காத்துக்கொண்டு
பாதி எழும்பினபடி நிண்டிருக்கும்.
வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டன்.
அழிக்க மனம் வரேல்லை.

புது ஆக்கள் வராமல் கதவைச் சாத்தினன்.
உள்ளுக்கை நிண்டவை ஒவ்வொருத்தராய் வெளியாலை போச்சினம்,
இருபத்தாறு, ஒன்பது, நாலு,
ஒண்டு.
அந்த ஒண்டு போகேல்லை.

வெள்ளிக்கிழமை பஸ்.
பதினேழும் பதினெட்டும் பிடிச்சிருக்கு.
காசு கட்டுற பக்கத்துக்குப் போறது,
திரும்பி வாறது,
பதினெட்டை விடுறது, பிடிக்கிறது.

"வெட்டிவிடும், ஒரு ஆள்தானே?" எண்டார்
போனிலை முகாமையாளர்.
"காசு பாதியிலை நிண்டிடும் சேர்" எண்டன்.
அது உண்மைதான்.
முழு உண்மையில்லை.

பதினொரு நிமிசம்.
கீழை ஒரு நாய் கராஜ் தகரத்தைப் பிறாண்டினது.
பணிஸைச் சாப்பிட்டு முடிச்சன்.
கடைசியிலை பதினேழு மட்டும்.
யன்னல் பக்கம்.

தரவுத்தளத்தை முதல் நிப்பாட்டி,
எழுதினதெல்லாம் வட்டிலை விழுந்ததோ எண்டு பார்த்து,
அதுக்குப் பிறகுதான் அந்தக் கட்டளை.
அடியோடை நிப்பாட்டிப்போட்டுத் தொடங்கினால்
முகவரி மாறிப்போகும்;
பிறகு ஒரு கொண்டக்ரற்றை மிசினும்
எங்களைக் கண்டுபிடிக்காது.
சொல்லை ரெண்டுதரம் வாசிச்சு
என்ரர்.

பிங். பதில் இல்லை.
பிங். பதில் இல்லை.
இதுக்குள்ளை எந்தச் சாமியைக் கும்பிடுறது?
மும்பைச் சாமியையோ, முறிகண்டியாரையோ?
பிங்.
ஃபான் சத்தம்.
பிங்.

நாப்பத்தொரு மில்லிசெக்கன்.

எழும்பியிட்டுது.
கதவைத் திறக்கமுதல் வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பார்த்தன்.
பதினேழு இருக்கு.
பதினெட்டு வெறுமையாய் இருக்கு.

பதிவேட்டிலை எழுதினன்:
மூன்று பத்தொன்பதுக்கு நிறுத்தம்.
மூன்று இருபத்துமூன்றுக்கு எழுச்சி.
இழப்பு இல்லை.

கடைசி வரியை ஒருக்கா வாசிச்சன்.
இந்த ஊரிலை அப்பிடி ஒரு வரியை
முன்னம் ஆரும் எனக்கு எழுதிக் காட்டேல்லை.
திகதியைப் போட்டுக்
கையெழுத்து வைச்சன்.