கையிருப்பில் இல்லை

பக்கத் தகட்டுக்கு மூன்று திருகுகள்.
ஒன்றுபோலவே இருக்கும், ஒன்றல்ல.
ஒன்றின் தலை தட்டை, ஒன்று கவிந்தது.
முன் திருகின் நுனியை மட்டும்
நகம் வெட்டியதுபோல் இழைத்திருப்பார்கள்.
ரிவால்வரின் உருளையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.
அது இல்லையென்றால்
உருளை முன்பக்கம் வழுக்கி மடியில் விழும்.

மைல்ஸ் சிட்டியில், என் கடையின் பின்னறையில்
இருநூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள்.
இந்தத் திருகு இரும்புக்கடையில் கிடைக்காது.
ஊர் உலகத்தோடு ஒத்துப்போகாத கம்பெனி
தனக்கென்று ஒரு புரி வெட்டிக்கொண்டது.
மூக்குக் கண்ணாடித் திருகு, கடிகாரத் திருகு,
தையல் மெஷின் திருகு
எல்லாம் போட்டுப் பார்த்துத் தோற்றபின்தான்
என்னிடம் வருவார்கள்.

வெண்டல் ரஸ்டாட் வந்தது அக்டோபரில்,
மாடுகளை விற்ற வாரம்.
சுத்தம் செய்தேன், எங்கோ உருண்டுவிட்டது என்றார்.
எல்லோரும் சொல்வதுதான்.
மொன்டானா முழுக்கக் கம்பளங்களை உதறினால்
ஒரு பாலம் கட்டலாம்.
நூற்றுப் பதினேழாம் இழுப்பறை. நான்கு டாலர்.

நவம்பரில் மறுபடி.
அதே திருகா?
அதே திருகு.
புரியில் ஒரு சொட்டு நீலப் பசை விட்டுக் கொடுத்தேன்,
பசைக்குக் காசு வாங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கையில்
தொப்பியின் பனியைத் தட்டாமல் உள்ளே வந்தார்.
மரை கழல்வது துப்பாக்கிக்கா,
உங்களுக்கா என்று கேட்டேன்.
கடைக்காரன் வாய்.
அவர் சிரிக்கவில்லை.
மின்சார பில்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு,
இந்த முறை இரண்டாகக் கொடு என்றார்.

ஜனவரியில் வந்தது லவோன் ரஸ்டாட்.
ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, ஆனால் அன்று செவ்வாய்.
இருமல் மிட்டாய் டப்பாவைக் கவுண்டரில் கவிழ்த்தார்.
நான்கு திருகுகள்.
ஒன்றில் நீலப் பசை பொருக்காக ஒட்டியிருந்தது.
நான்கின் தலையிலும் வெட்டு சிதைந்து,
வெண்ணெய்க் கத்தியால் நெம்பிய காயம்.

திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? பில் இல்லை.

இத்தனை வருடம் புரி தெரியும் எனக்கு.
புரிந்தது அப்போதுதான்.

உதிரிகள் திருப்பிப் பெறப்பட மாட்டா என்று
என் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது.
பதினாறு டாலர் எண்ணிக் கொடுத்தேன்.
அவர் ஒருமுறை எண்ணினார்.

துப்பாக்கியையே ஒளித்துவிடக் கூடாதா என்றேன்.
ஒளித்தால் வேறொன்று வாங்குவார்.
இது தன் கைமறதி என்று நினைக்கிறார்.
நினைக்கிறவரை தேடுவார்.
தேடுகிறவரை,
என்று சொல்லிக் கையுறையை மாட்டத் தொடங்கினார்.
இடதுகை உறையை வலதுகைக்கு.

வியாழக்கிழமை அவர் வந்தார்.
நூற்றுப் பதினேழைத் திறந்தேன்.
பதினொன்று கிடந்தன, காயம்பட்ட நான்கு தனியாக.
கையால் துழாவினேன், சத்தம் கேட்டிருக்கும்.
கையிருப்பில் இல்லை என்றேன்.
ஒஹையோவில் ஒருவனுக்கு எழுத வேண்டும்.
ஆறு வாரம். எட்டும் ஆகலாம்.

எட்டு வாரமா? அதற்குள் பனி விட்டுவிடுமே.
விட்டுவிடும்.

காப்பி இருந்தது, காலையில் போட்டது.
அரைக் கோப்பை குடித்துவிட்டு
இதைவிட மோசமான காப்பியைப்
பட்டாளத்தில்கூடக் குடித்ததில்லை என்றார்.

அன்று மாலையே லவோனை ஃபோனில் அழைத்தேன்.
டாக்டரின் எண்ணைக் கொடுத்தேன்.
ஏற்கெனவே இருக்கிறது,
கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றார்.

வியாழன்தோறும் இப்போது புதிதாகக் காப்பி போடுகிறேன்.
ஒஹையோவில் எனக்கு யாரையும் தெரியாது.
ஆர்டர் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே
வாராவாரம் ஒரு தேதி எழுதுகிறேன்,
அவர் பார்க்கும்படி.

நேற்று ஆற்றில் பனிக்கட்டி உடைந்த கதையைச் சொன்னார்,
டாக்டர் இளவயசுக்காரி, பேச்சு அதிகம் என்றார்,
தொப்பியை எடுத்துக் கதவுவரை போய்விட்டார்.
பிறகு திரும்பி,
அது வந்ததா?

வரவில்லை.

சரி என்றார்.