மூன்றாவது குரல்

சாம்பல் நிற ஓப்பல். வயது இருபத்தாறு.
பின்சீட்டில் மாவுமூட்டை, முன்கண்ணாடியில் நீளக் கீறல்.
ட்சியாலா இறங்கிக் கதவை இரண்டுமுறை அறைந்தாள்
(ஒருமுறைக்கு அது சாத்தாது).
"பாட்டில் ஓர் ஆள் குறைகிறது" என்றாள்.

இரைகிறது என்று வருவார்கள்,
கரகரக்கிறது என்று வருவார்கள்.
குத்தாயிசியில் இத்தனை வருஷத்தில்
ஆள் குறைகிறது என்று
யாரும் என் கொட்டகைக்கு வந்ததில்லை.

போட்டுக் காட்டினாள்.
ஏதோ கல்யாண விருந்து, கோப்பைகள் மோதுகிற சத்தம்,
மூன்று ஆண்கள் எழுந்து பாடுகிறார்கள்.
உச்சியில் இழுப்பவன் இருந்தான்.
நடுவில் சொல்லைச் சுமப்பவன் இருந்தான்.
அடியில் கார்வையாய் நிற்கவேண்டியவன்
இல்லை.
தளம் போடாத வீட்டில்
இரண்டு பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

"அது கோச்சா. என் புருஷன்.
போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
நாத்தனார் வீட்டுப் பெட்டியில் கேட்டால் இருக்கிறான்.
இதில் ஏறினால் காணோம்."

பெரிய ஸ்பீக்கர் மாற்றியாயிற்று.
சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபயர்,
கட்டைவிரல் தடிமனில் ஒயர்.
ஒரு மாத வாடகைச் சவாரி அதில் போனது.
பாஸைக் கூட்டு என்றானாம் கடைப் பையன்;
கூட்டியதில்
சில்லறைப் பெட்டி மட்டும் குலுங்கியது.

முதலில் எஞ்சினோடு ஏறி இறங்கிய கொசுச்சத்தத்தைப் பிடித்தேன்:
எர்த் ஒயரை யாரோ பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள்.
வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டி இறுக்கினேன்.
கொசு செத்தது.
அது வேறு நோய்.

பிறகு பேலன்ஸ் குமிழைத் திருகினேன்.
இடது கதவு மட்டும்: இருக்கிறான்.
வலது மட்டும்: இருக்கிறான்.
நடுவில் நிறுத்தினால்
இல்லை.

சுவர்க்கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றினேன்,
அது நாலு பத்தில் நின்றது.
இடது ஒயரில் தொட்டேன்:
கூம்பு முன்னால் துள்ளியது, பெயர் கூப்பிட்ட பிள்ளைபோல.
வலதில் தொட்டேன்:
பின்னால் இழுத்துக்கொண்டது.
ஒன்று வா என்கிறபோது
மற்றது போ என்கிறது;
நடுவில் காற்று, யார் பேச்சைக் கேட்கும்?
சின்ன அலைகள் சந்துபொந்தில் தப்பிவிடும்.
பெரியவை அங்கேயே அடங்கும்.

"வலது கதவு யார் வேலை?"
"இடது கடைக்காரன். வலது கோச்சா.
கிளம்புகிறதுக்கு முந்தின ராத்திரி,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு."

சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு,
கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு.
நாலு நிமிஷம்.

வந்தான்.
முதலில் சீட்டில், அப்புறம் முழங்காலில்,
டாஷ்போர்டில் நான் வைத்த பத்தாம் நம்பர் ஸ்பேனரில்.
மற்ற இரண்டு பேரும்
இறங்கி நின்றார்கள் அவன்மேல்.

அவள் அழவில்லை. போலந்துக்குப் போன் போட்டாள்.
"ஒயரை மாற்றிப் பூட்டியிருக்கிறாய், கழுதை!
பதினாலு மாசமாய் உன்னை நீயே
அழித்துவைத்திருக்கிறாய்!"
அந்தப்பக்கம் காற்று, லாரி, ஒரு கனத்த குரல்:
"நான் பூட்டியது சரி. கடைக்காரன்தான் தப்பு."

அதையும் தள்ள முடியாது.
இரண்டு கதவும் ஒரே தப்பைச் செய்திருந்தால்
குறையே தெரிந்திருக்காது.
நான் வாயைத் திறக்கவில்லை.
காசு வாங்கினேன்.

ஒன்று மட்டும் சொன்னேன்:
இப்போது அவன் அடியில் இறங்குகிறபோதெல்லாம்
வலது கதவு கடகடக்கிறது,
உள்ளே தார் அட்டை ஒட்டவேண்டும்,
வியாழக்கிழமை வா.
தலையாட்டினாள்.

ஆறு வியாழன் போயிற்று.
யாருடைய வண்டிக்கடியிலாவது படுத்திருப்பேன்,
ரியோனிப் பாலத்துப் பக்கமிருந்து
ஒரு கதவு கடகடப்பது முதலில் கேட்கும்.
வண்டி அப்புறம்தான் வரும்.
நிற்காமல் போகும்.