பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை

மிட்வேலியைத் தாண்டினால்
கூட்டரசு நெடுஞ்சாலையில் மூன்று பலகைகள்.
நாங்களே நம்பர் ஒன், என்கிறது முதலாவது.
நாங்கள்தான் நம்பர் ஒன், அடுத்தது.
மூன்றாவது நான் எழுதியது:
என்றென்றும் நம்பர் ஒன்.
ஏகாரத்துக்கும் ‘தான்’ என்பதற்கும் மேலே
காலத்தை ஏற்றி வைத்ததற்கு
அந்த வருடம் முந்நூறு ரிங்கிட் போனஸ்.

ஒன்று என்பது ஒருமை என்று
செந்தூலில் தமிழ்ப்பள்ளியில் படித்தேன்.
அதற்குப் பன்மை உண்டென்று
ஜாமில் நின்றபோதுதான் தெரிந்தது.

பத்தில் எட்டுப் பேர் எங்கள் பக்கம்.
அந்தப் பத்துப் பேரையும் எனக்குத் தெரியும்.
எங்கள் கட்டடத்துக் கேண்டீனில்
மீ கோரெங் வரிசையில் நின்றவர்கள்.
எட்டுப் பேர் எங்கள் ஊழியர்கள்.
ஒன்பதாமவர் காதுக் கருவியைத் தட்டி
“என்ன?” என்றார்.
பத்தாமவருக்குத் தமிழ் தெரியாது.
பலகையின் மூலையில் ஒரு நட்சத்திரக் குறி உண்டு;
விளக்கம் படிக்க
காரை நிறுத்தி ஏணி போட வேண்டும்.

கண்ணாடி அறைக்குள் டெபோரா
“கோடி இதயங்களின் துடிப்பு” என்பாள்.
ஏழாவது முறை.
சிரிப்பு கேட்கவில்லை, மறுபடி என்பார் குணாளன்.
“நாட்டில் இருக்கிற தமிழரை
இரண்டு தரம் எண்ணினாலும் கோடி வராதே சார்?”
“இதயத்துக்கு நாலு அறை. அப்படி எண்ணு.”
அப்படியும் வரவில்லை,
காகிதத்தின் பின்புறம் போட்டுப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

பிறகு ஒரு மார்ச் மாதம்,
விடியாத நாலே முக்காலுக்கு
ஒலிபரப்பு நின்றது.
ஆள் குறைப்புக்குப் பிறகு
வாசகம் எழுதுகிறவனே இரவுப் பணியும்.
பொறியாளர் வருகிற வரை
மூன்று தொலைபேசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கோடி இதயங்களில்
எது முதலில் கூப்பிடும் என்று.

ஒன்று கூப்பிட்டது.

பந்தாய் டாலாம், லெட்சுமாயி.
அடுக்குமாடிக்குக் கீழே இட்லி வியாபாரம்.
“என்ன தம்பி, இன்னிக்கு நம்பர் ஒன் வரல?”
“மன்னிக்கணும்க்கா, பாட்டு இப்ப வந்துரும்.”
“பாட்டு யாரு கேட்டா?
அந்தப் பொண்ணு கத்துனா ஈடு ஏத்துவேன்,
அடுத்த தரம் கத்துனா எறக்குவேன்.
பன்னெண்டு நிமிஷம், அப்படியே இருக்கும்.
இப்ப வந்து பாரு,
நாப்பது இட்லி. வறட்டி.”

எத்தனை வருடமாக எங்கள் நேயர் என்று
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.
“இது எந்த ஸ்டேஷனோ, யாரு கண்டா?
உங்க போன் நம்பரு மட்டும் மனப்பாடம், அவ சொல்லிச் சொல்லி.
திருகுற குமிழ் ஒடஞ்சு நாலு வருஷம்.
வேற எதுவும் வராது.”

ஆய்வுப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது:
அசைக்க முடியாத நேயர்.

ஐந்து நாலுக்கு ஒலி திரும்பியது.
பாட்டுக்கு முன்னால் டெபோராவைப் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் புது வாசகம் கேட்டார்கள்.
‘பன்னிரண்டு நிமிடம். பிசகாது.’
“இது என்ன, ரயிலா?” என்றார் குணாளன்.
சிவப்பு மையால் அடித்துவிட்டு
‘உலகத் தமிழரின்’ என்று எழுதி
மிச்சத்தை அப்படியே விட்டார்.
இப்போது பலகைகள் நாலு.

ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து,
பந்தாய் டாலாமுக்கு மோட்டாரை விட்டேன்.
யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை.
எனக்கு முன்னால் ஐந்து பேர்:
பாதுகாவலர் சீருடை, பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
தூக்கத்தில் நிற்கிற ஒரு பையன், இன்னும் இருவர்.
அலமாரி மேல் ரப்பர் வளையம் சுற்றிய வானொலி
ஏதோ காதலைப் பற்றிப் பாடியது.
ஒருவரும் கேட்கவில்லை.

“நாலு இட்லிக்கா, தாப்பாவ்.”

மூடியில் கை வைத்தபடி
வானொலிப் பக்கம் தலையைச் சாய்த்தார்.

“இரு தம்பி,
இன்னும் அவ கத்தல.”