எழுபத்திரண்டாம் அலைவரிசை

எட்டு மணிக்கு மேல் அந்த அலைவரிசையில்
யாரும் மீன்விலை பேசுவதில்லை.
மெலிங்கா கரையிலிருந்து ஒரு பையன்
கடலிலிருக்கும் அப்பாவுக்குப்
புத்தகம் வாசிப்பான்.

நான் அவன் அப்பா இல்லை.
மூன்று தீவு தள்ளி நங்கூரமிட்ட
வேறொரு படகின் சமையல்காரன்.
உருளைக்கிழங்கு உரித்தபடி
ஒட்டுக்கேட்பவன்.

ஏப்ரலில் அவன் வாசிப்பு இப்படி இருந்தது:
தி
கரகர
மிங்
கரகர
கிலம்.
ஒவ்வொரு துண்டுக்கும் பொத்தானை அழுத்தினான்,
ஒவ்வொரு துண்டுக்கும் கைவிட்டான்.
இடைவெளியில் கடல் புகுந்து இரைந்தது.
திமிங்கிலம் முழுதாக வந்து சேர்வதற்குள்
என் சூப் அடிபிடித்துவிட்டது.

"திரும்பச் சொல், அலிரோ.
இங்கே காற்று அடிக்கிறது, கேட்கவில்லை"
என்பான் எர்னால்தோ.
அன்று காற்றே இல்லை.
எங்கள் கொடி ஈரத்துணி மாதிரித் தொங்கிற்று.

வானொலியில் திரும்பச் சொல்வது அவமானமில்லை.
புயலையே மூன்று தரம் சொல்வார்கள்.
அதனால் அவனும் சொன்னான்.
அதே பக்கம், நாலு இரவு.
ஐந்தாம் நாள் தூண்டில் கயிறு இழுக்கையில்
திமிங்கிலத்தின் நாக்கு ஒரு யானை எடை
என்றது என் வாய், தானாக.

மே கடைசியில் கவனித்தேன்.
பொத்தான் அமுங்கியே இருக்கிறது,
காற்புள்ளி வரைக்கும்.
பிறகொரு நாள் முற்றுப்புள்ளி வரைக்கும்.
கடலுக்கு உள்ளே வர இடமில்லை.
'உறங்கும்' என்பதை 'இறங்கும்' என்று வாசித்து,
நின்று,
யாரும் சொல்லாமலே திரும்பி வந்து
சரியான சொல்லை எடுத்துக்கொண்டு போனான்.

ஜூனில் பள்ளியில் கடிகாரம் வைத்து
நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணினார்களாம்.
ஒரு வாரம் தலைதெறிக்கும் ஓட்டம்.
சுக்கான் கழன்ற என்ஜின்.
'தாய் தன் குட்டியைத் தேடியது',
'பக்கம் பதினொன்று',
இரண்டும் ஒரே குரல்.

எர்னால்தோ கேட்டான்: "கிடைத்ததா?"
"எது?"
"குட்டி."

கரகர. கரகர.
உரித்த கிழங்கைக் கையிலேயே வைத்திருந்தேன்.

"தெரியலை அப்பா. பார்க்கிறேன்."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.
அவசரமில்லை, தடுக்கலும் இல்லை.
'தேடியது' என்ற இடத்தில்
குரல் கொஞ்சம் இறங்கியது.
அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது.
தேடிப் போனவன் குரல் அது.

"மீதி நாளைக்கு. காம்பியோ."

பதிலுக்கு யாரும் பேசவில்லை.
ஒரு படகு பொத்தானை வெறுமனே தட்டியது: டிக்.
இன்னொன்று: டிக்.
இருட்டில் எங்கெங்கோ
இத்தனை பேர் விழித்திருந்தோமா?
பதினொன்று வரை எண்ணினேன்.
மண் ஒட்டிய விரலால்
பன்னிரண்டாவதை நான் தட்டினேன்.

அதில் அவன் அப்பாவுடையது எது என்று
எனக்குத் தெரியாது.